பழைய காருக்கு ஸ்பேர் டயர்: எதற்கு, எது?

சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பவரிடம் ஸ்பேர் டயர் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் வரும் பதில் இது: "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட முழுசா வராது. பஞ்சரானா இழுவண்டியைக் கூப்பிட்டாப் போச்சு." பேச்சில் நியாயம் இருக்கிறது. விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் ஒன்றில் காசு வாங்காமல் கொண்டுபோய் விட்டுவிடும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்பேர் டயரே வருவதில்லை. ஒரு சின்னக் காற்றுப் பம்பு, ஓட்டை அடைக்கும் திரவம், அவ்வளவுதான்.

கொரோலா வைத்திருப்பவர் இதோடு நிம்மதியாகத் தூங்கலாம். 1967ஆம் ஆண்டு பீட்டிலோ, மோரிஸ் மைனரோ, மினியோ வைத்திருப்பவருக்கு, வண்டியை நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கத்து டயர் கடைகளில் சுவர் முழுக்க அடுக்கியிருப்பவை இன்றைய கார்களுக்கான 16, 17, 18 அங்குல டயர்கள். மினியின் 10 அங்குல டயரையும் மைனரின் ஒல்லியான 14 அங்குல டயரையும் போன உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய கடை அபூர்வம். இங்கிலாந்தின் லாங்ஸ்டோன், அமெரிக்காவின் கோக்கர் போன்ற பழைய அளவு டயர் வியாபாரிகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டை அடைக்கும் திரவமும் டியூப்லெஸ் டயரை நினைத்துச் செய்த சரக்கு. டியூப் போட்ட சக்கரத்தில் அதை நம்பிப் பயனில்லை.

முன்பு நிலைமை இப்படி இல்லை. மோரிஸும் ஆஸ்டினும் அன்றாட வண்டிகளாக ஓடிய காலத்தில், தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜாலான் புசாரிலும் சுங்கை ரோட்டிலும் உதிரிப்பாகம் தேட முடிந்தது. 1960களில் ஜூரோங்கில் பிரிட்ஜ்ஸ்டோனின் டயர் ஆலையே இருந்தது. சுங்கை ரோட்டுப் பழைய சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் வந்து இறங்கிய தீவு இது. அந்த மரத்தில்தான் நம் பாட்டன்மார் மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். இன்று ஒரு பழைய காருக்கு டயர் வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்கு எழுதிப் போட வேண்டியிருக்கிறது!

ஆகவே இங்கே ஸ்பேர் டயரைக் கையிருப்பாக நினைத்து வாங்க வேண்டும். எப்படியாவது வீடு போய்ச் சேர ஒன்று போதும் என்று வாங்கினால், அது மாதக் கணக்கில் வண்டியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். ஓடும் நான்கோடு எல்லா வகையிலும் ஒத்துப்போகிற ஐந்தாவது டயராக அது இருக்க வேண்டும்.

முதலில் அளவு. பீட்டிலின் பழைய டயரில் 5.60-15 என்று இருக்கும். 5.60 டயரின் அகலம், 15 ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு. பக்கச்சுவரின் உயரத்தை எங்கும் குறித்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து டயரில் அது கிட்டத்தட்ட அகலத்தின் அளவுக்கே இருக்கும். பின்னால் வந்த 165 ஆர் 15 என்ற ரேடியல் அளவிலும் உயர விகிதம் இல்லை. விகிதம் எழுதாவிட்டால் சுமார் 80 சதவீதம் என்று கொள்ள வேண்டும்.

கடைக்காரர், "பதினைந்து அங்குலம்தானே, 185/60 இருக்கு, போட்டுக்கலாம்" என்பார். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 165இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 264. ரிம்மின் 381ஐச் சேர்த்தால் மொத்த விட்டம் 645. அதே 15 அங்குல ரிம்மில் 185/60 டயருக்கு 222ம் 381ம் சேர்த்து 603தான் வருகிறது. 42 மில்லிமீட்டர் குறைவு. மற்றச் சக்கரம் 100 சுற்று சுற்றும் தூரத்துக்கு இது 107 சுற்று சுற்றும். பின்னால் ஒரு பக்கம் மட்டும் இதை மாட்டினால், நேர்ச்சாலையிலும் டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். போதாததற்கு, பீட்டிலின் ரிம் அகலம் 4 அல்லது 4½ அங்குலம். 185 டயர் குறைந்தது 5 அங்குலம் கேட்கும். ரிம்மில் ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று ஆகாது.

அடுத்தது டயரின் உள்கட்டு. கிராஸ்பிளை டயரில் நூலடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியலில் அவை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓட, ஓடுபகுதியின் அடியில் ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். திருப்பத்தில் ரேடியலின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், ஓடுபகுதி தரையை விடாது. கிராஸ்பிளை முழு உடம்போடு சாய்ந்து, மெதுவாக வழுக்கத் தொடங்கும். ஒரே அச்சில் இரண்டையும் கலந்தால் வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் முதலில் பிடி விட்டுச் சுழன்றுவிடும். பிரிட்டனில் இந்த இரண்டு கலப்பையும் சட்டமே தடுக்கிறது. பின்னால் ரேடியல், முன்னால் கிராஸ்பிளை என்பது மட்டும் ஓரளவு சமாளிக்கக்கூடியது.

எந்தச் சக்கரம் பஞ்சராகும் என்று ஸ்பேருக்குத் தெரியாது. முன்னுக்கும் பின்னுக்கும், இடத்துக்கும் வலத்துக்கும் அது தயாராக இருக்க வேண்டும் என்றால், நான்கும் கிராஸ்பிளையாக இருக்கையில் ஐந்தாவதும் கிராஸ்பிளையாகவே இருந்தாக வேண்டும். நான்கையும் ரேடியலுக்கு மாற்றிவிட்டு, டிக்கியில் பழைய கிராஸ்பிளையை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிற கதை. மத்தியான இடிமழையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்க்கும் பரிசோதனை அல்ல இது.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது வயது. 35 ஆண்டு கடந்த காரைக் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தவர் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். நாளுக்கு 20 வெள்ளி கட்டினால் இன்னும் 28 நாள். இப்படி ஓடும் வண்டியில் டயர் தேயவே தேயாது. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குப் பல மடங்கு ஆழத்தோடு, புதுசு போலவே கிடக்கும். ஆனால் ரப்பர் தேயாமலே சாகும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை இறுக வைத்து வெடிக்கவிடும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் வெயில் காயும் காரின் டிக்கி அதற்குப் பாதுகாப்பான இடமில்லை.

பார்ப்பது எளிது, சோம்பல்தான் தடை. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். அதுவும் கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். எனவே ஸ்பேரை வெளியே எடுத்துப் புரட்டித்தான் ஆக வேண்டும். நான்குக்குப் பதில் மூன்று இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். மேலும் ஆராய வேண்டாம். பள்ளங்களின் அடியையும், பக்கச்சுவர் ரிம்மைத் தொடும் இடத்தையும் கட்டைவிரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் முதலில் அங்கேதான் தெரியும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை, பத்து ஆண்டில் கட்டாய மாற்றம் என்பது மிஷ்லினின் அறிவுரை. நம் வெயிலுக்கு அதைத் தாண்டிப் போவது வீண் துணிச்சல்.

ஐந்தையும் ஒன்றாக வாங்கினால் ஐந்தும் ஒன்றாகத்தானே கிழடாகும் என்று கேட்கலாம். ஆகும். இருந்தாலும் அதுவே மேல் என்பேன். பழைய அளவு டயர்கள் சின்னச் சின்னத் தொகுதிகளாகத் தயாராகின்றன. நான்கை இன்று வாங்கி, மூன்று ஆண்டு கழித்து அதே தயாரிப்பில், அதே வார்ப்பில் ஐந்தாவதைத் தேடினால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. புது டயருக்குப் புது டியூப். பழைய ரிம்களில் வால்வுத் துளை 11.5 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 16 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். பெரிய துளையில் சின்ன வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடிப்பாகம் அறுந்துபோகும். டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பட்டறையில் உரித்துவிட்டார்களா என்று கேளுங்கள். அதன் விளிம்பு உராய்ந்தே டியூப் ஓட்டையாவது உண்டு.

காற்றையும் மறக்கக் கூடாது. நான்கு சக்கரங்களில் எதற்கு அதிக அழுத்தம் வேண்டுமோ, அந்த அளவு ஸ்பேரில் இருக்கட்டும். குறைக்க ஒரு விரல் போதும், ஏற்றப் பம்பு வேண்டும். பீட்டில்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். 1960களின் பிற்பகுதிப் பீட்டில்களில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதே ஸ்பேர் டயரின் காற்றுதான். ஒரு குழாய் அதன் வால்விலிருந்து தண்ணீர்க் குடுவைக்குப் போகும். காற்று ஓர் அளவுக்கு இறங்கியதும் இணைப்பு தானாக அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அரை நூற்றாண்டு ஆன பிறகு அந்த வால்வு அடைக்குமா என்பதை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தையோ துவாஸ் இரண்டாம் இணைப்பையோ தாண்டி மலாக்காவுக்கும் பினாங்குக்கும் கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சரியான ஸ்பேர் இன்னும் அவசியம். ஆணையத்தின் மீட்பு வண்டி பாலத்தைக் கடந்து வராது. முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று எல்லையில் பார்க்கிறார்கள், டிக்கியில் என்ன இருக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். காரோடு வந்த அசல் டயரை எறிய மனமில்லாதவர்கள் அதைக் கண்காட்சிக்காக வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். பயணத்துக்கு முந்திய நாள், ஜாக்கி தூக்குகிறதா, சக்கர நட்டுகள் கையால் திருகும் ஸ்பேனருக்கு அசைகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டை, சாலையோரத்தில் பழைய காரின் குட்டை ஸ்பேனர் அசைக்காது.