எங்கட குருவியளை ஆர் எண்ணுறது?

போன ஜனவரியில ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணத்திலயிருந்து பூநகரி, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு எண்டு ஏ32 வீதியால வாற பஸ்ஸில வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன். மன்னார்ப் பாலத்துக்குக் கிட்ட வீதியோரம் ஒரு வான் நிண்டது. நாலைஞ்சு பேர் முக்காலியில தொலைநோக்கி பூட்டி, களப்புப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டிச்சினம். தூரத்தில தண்ணிக்கு மேல ஒரு ரோஸ் கோடு. பூநாரைக் கூட்டம். நானும் இறங்கிட்டன்.

அதில ஒருத்தர், கொழும்புக்காரர், தட்டுத்தடுமாறின தமிழில என்னட்டைக் கேட்டார்: "தம்பி, இதுக்குத் தமிழில என்ன பேர்?" அவர் காட்டினது பூநாரையை இல்லை. சேத்துக்குள்ள நீட்டுச் சொண்டைக் குத்திக் குத்தி மேயுற ஒரு மண்ணிறப் பறவை. ஒண்டு ரெண்டில்லை, நூற்றுக்கணக்கில. நான் "கொக்கு" எண்டன். அது கொக்கில்லை எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சிரிச்சுப்போட்டு கொப்பியில என்னவோ எழுதினார்.

நான் மன்னாரில பிறந்து வளந்தவன். அந்தக் களப்பைப் பாத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருசம் பள்ளிக்கூடம் போனன். அண்டைக்கு வந்த வெக்கம்தான் இந்தக் கட்டுரை.

விடுதிக்குத் திரும்பி வந்து, குருவி பாக்கப் பழகப்போறன் எண்டு சொன்னன். நண்பன் ஒருத்தன் கட்டிலில படுத்திருந்தபடியே சொன்னான்: "மச்சான், எங்கட ஆக்களைக் காணேல்ல எண்டு அம்மாமார் இன்னும் ரோட்டில இருக்கினம். நீ குருவி எண்ணப்போறியோ?"

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருசம் பிடிச்சிருக்கு. சொல்லுறன்.

முதலில, நாங்கள் எதைப் பற்றிக் கதைக்கிறம் எண்டதைத் தெளிவாக்குவம். வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 4,839 ஹெக்டயர். 2010இல் அது ராம்சார் தலமானது. அதாவது, 1971இல் ஈரானின் ராம்சார் நகரத்தில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் கீழ், முழு உலகத்துக்கும் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் ஏறியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போற வீதியில மன்னார்த் தீவுக்குள்ள நுழைய முதல் நீங்கள் கடக்கிற சேறும் உப்புத் தரையும் கண்ணாவும் களப்பும்தான் அது. கனபேர் அதை "வெறும் வெளி" எண்டுதான் சொல்லுவினம்.

அந்த வெறும் வெளிக்கு வடக்கிலயிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டிப் பறவைகள் வருகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் நாங்கள் இருக்கிறம். எங்களுக்குத் தெற்கே கடல்தான், இனிப் போக நிலமில்லை. ஊசிவால் தாரா, நெத்தியில மஞ்சள் பூசின மாதிரி இருக்கிற இன்னொரு தாரா, உள்ளான் வகைகள், ஆலா, கடற்காகம், நண்டு தின்னி எல்லாம் வருகின்றன. கொழும்புக்காரர் காட்டின பறவைக்குத் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கருவால் மூக்கன் எண்டு பேர். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து, செய்மதிக் கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ஒன்று வட ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போயிருக்கிறது. எங்கட மீன்வாடிக்குப் பக்கத்தில மீன்குடல் பொறுக்கின கடற்காகம்!

புத்தகங்கள் இவற்றைக் "குளிர்காலப் பறவைகள்" எண்டு எழுதுகின்றன. எங்களுக்கு ஏது குளிர்காலம்? எங்களுக்கு மாரி இருக்கு, வாடைக்காத்து இருக்கு. வாடையோட வந்து, சோளகம் எழும்ப முதல் போற பறவைகள் இவை. என்ர அம்மப்பா கடலுக்குப் போனவர். வாடைக்கு எந்த மீன், சோளகத்துக்கு எந்த மீன் எண்டு கணக்காச் சொல்லுவார். குருவிக் கதை கேட்டால் மட்டும் "உள்ளானடா" எண்டு ஒரே சொல்லில முடிச்சிடுவார். அவரைக் குறை சொல்லேல்ல. அவர் மீன் பிடிச்சுச் சீவிச்சவர். ஆனால் படிச்ச எங்களுக்கு என்ன சாட்டு?

நாங்கள் சத்திமுத்தப் புலவரின் நாரைப்பாட்டைப் பாடமாக்கினவை. நாரையின் சொண்டைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட உவமைக்கு நயம் எழுதிப் புள்ளி எடுத்தவை. அந்த நாரை தெற்கே குமரிக்கு வந்துவிட்டு வடக்கே திரும்புவதாகத்தான் புலவர் பாடுகிறார். அது ஒரு வலசை பற்றின அவதானிப்பு எண்டு ஒரு வகுப்பிலயும் ஆரும் எங்களுக்குச் சொல்லேல்ல. உவமையைப் படிச்சம், பறவையை விட்டிட்டம். தமிழைச் சிறப்புப் பாடமாப் படிக்கிற எங்களுக்கே வீட்டு வாசலுக்கு வாற பறவையின் பேர் தெரியாது எண்டால், "எங்கட மொழி, எங்கட மண்" எண்டு மேடையில கத்துறதில என்ன அர்த்தம்?

இனி நண்பனின் கேள்வி. அதுக்குள்ள ஒரு நியாயமான கோபம் இருக்கு. எங்கட ஊர்களில "சரணாலயம்", "ஒதுக்கிடம்", "தேசிய பூங்கா" எண்ட சொற்கள் சந்தோசமா வந்து சேரேல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் தங்கட காணிக்குப் பக்கத்தில எல்லைக்கல்லைக் கண்டது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போன இடத்தில பலகை நிண்டது. சுண்டிக்குளம் 1938இலிருந்தே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவானபோது அதின்ர பரப்பு 19,565 ஹெக்டயர். சட்டப்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். தேசிய பூங்கா அப்பிடியில்லை, உள்ள போகவே அனுமதி வேணும். இந்த வித்தியாசத்தை வன்னியில எத்தினை ஊர்க் கூட்டத்தில ஆர் தமிழில விளங்கப்படுத்தினது? சொல்லாமல் கோடு கீறினால் சனம் கோட்டையும் வெறுக்கும், கோட்டுக்குள்ள நிக்கிற குருவியையும் வெறுக்கும். "குருவிக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கில்லை" எண்ட கதை அப்பிடித்தான் வந்தது.

ஆனால் அந்தக் கோட்டை ஆர் அழிக்கினம் எண்டும் பாருங்கோ. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 29,180 ஹெக்டயர் கண்டலும் கடற்புல்லும் சேறும். 2024இல் ஒரு வர்த்தமானி வந்தது: இறால் வளர்ப்புத் திட்டத்துக்காக அதிலிருந்து 168 ஹெக்டயர் நீக்கம். சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. விறகு பொறுக்கப் போற அம்மாவுக்கு எல்லைக்கல் அசையாது. முதலீட்டுக்கு எண்டால் அது ஒரு தாளிலேயே அசையும். குருவிக்காகக் கீறின கோடெண்டால் குருவியைக் கேட்டெல்லோ அழிச்சிருக்க வேணும்? ஆக, எங்களுக்கும் குருவிக்கும் நடுவில சண்டை இருக்கு எண்டு நம்புறது ஆருக்கு லாபம் எண்டு யோசியுங்கோ. கண்டல் போனால் இறால் குஞ்சும் போகும், நண்டும் போகும், அதை நம்பியிருக்கிற வாடியும் போகும். குருவியும் மீன்பிடிகாரரும் ஒரே சேத்திலதான் சீவிக்கினம்.

காற்றாலைக் கதையும் இதுதான். மன்னார்த் தீவின் தென்கரையில 30 காற்றாடிகளோட தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பிறகு அதானி நிறுவனம் மன்னாரில் 250 மெகாவாற், பூநகரியில் 234 மெகாவாற் எண்டு வந்தது. 2024இல் வழக்குகள் போடப்பட்டன. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் தானே விலகியது. அதோட முடியேல்ல. 2025 ஆகஸ்டில் மன்னார்ச் சனம் திரும்பவும் வீதிக்கு வந்தது. புதுக் காற்றாடிகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிரா.

நான் காற்று மின்சாரத்துக்கு எதிரியில்லை. நுரைச்சோலையில நிலக்கரி எரிக்கிறதை விடக் காத்து நல்லதுதான். எங்க நடுறது எண்டதுதான் கேள்வி. கண்டம் கடந்து வாற கூட்டம் இறங்கி ஏறுற ஒடுங்கின ஒரு தீவில, சனம் குடியிருக்கிற வாசலில, மழைத்தண்ணி வழிஞ்சோடுற வழியில நட்டுப்போட்டு அதுக்குப் "பசுமை" எண்டு பேர் வைக்கிறதைத்தான் கேக்கிறம். அப்பிடிக் கேக்கேக்க எங்கட கையில என்ன இருந்தது? வெள்ளம் வருது எண்டு சனம் சொன்னது, மீன் குறைஞ்சிட்டுது எண்டு மீனவர் சொல்லிச்சினம். குருவிக் கணக்கு? அது கொழும்பில இருந்துதான் வந்தது. வருசக்கணக்கா வந்து எண்ணின ஆக்களின்ர கொப்பியில இருந்து வந்தது. அவைக்கு நன்றி சொல்ல வேணும், சொல்லுறன். ஆனால் எங்கட வாசலில என்ன இருக்கு எண்டு நிரூபிக்க எப்பவும் வேறொருத்தரின்ர கொப்பிக்குக் கை நீட்டிக்கொண்டு நிப்பமோ? ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் அறிக்கை எழுதேக்க "இங்கே பறவைகள் குறைவு" எண்டு ஒரு வரி வந்தால், அது பிழை எண்டு சொல்ல மன்னாரில எத்தினை பேரிட்டைத் தேதி போட்ட கணக்கு இருக்கு?

ராம்சார் பட்டியலில் ஒரு ஈரநிலம் சேர்றதுக்கே எண்ணிக்கை ஒரு அளவுகோல். வழமையா 20,000 அல்லது அதுக்கு மேல நீர்ப்பறவைகள் வந்தால் ஒரு தகுதி. ஒரு இனத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்க தங்கினால் இன்னொரு தகுதி. 20,000 எண்டு ஆரோ ஒருத்தர் வெயிலில நிண்டு எண்ணினாத்தான் அது 20,000. எண்ணாட்டில் அது "வெறும் வெளி".

இப்ப, மச்சான், உனக்கான பதில். மனிசரையும் குருவியையும் நான் ஒரு தராசில வைக்கேல்ல. ஆனால் அந்த அம்மாமார் எங்களுக்குப் படிப்பிச்சது என்ன? ஆர், எங்க, எப்ப எண்டு எழுதி வைக்க வேணும். எழுதி வைக்காததை "அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல" எண்டு சொல்லிப்போடுவினம். அவை படத்தையும் பேரையும் தேதியையும் விடாமல் வைச்சிருக்கிறது அதுக்குத்தானே. இழந்ததைக் கணக்கெடுக்கிற சமூகத்துக்கு, மிச்சமிருக்கிறதைக் கணக்கெடுக்கிறது மட்டும் எப்பிடி வேலையத்த வேலையாகும்?

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லாமல் விடேலாது. பூநாரை வந்திட்டுது எண்டு முகநூலில படம் வந்தவுடன மோட்டச்சைக்கிள் கட்டிக்கொண்டு போறம். பறக்கிற படம் வேணும் எண்டு கல்லெறியிறம், கூட்டத்துக்கு மேல ட்ரோன் விடுறம். கலியாண அல்பத்துக்குப் பின்னணியா ஓடவிடுறம். அந்தப் பறவை அங்க அழகு காட்ட வரேல்ல. மேய வந்தது. ஊர் திரும்புற பயணத்துக்கு உடம்பில கொழுப்புச் சேக்க வேணும். ஒவ்வொருக்கா எழுப்பி விடேக்கையும் அது சேத்ததைச் செலவழிக்குது. படம் போட்டு "எங்கட மன்னாரின் அழகு" எண்டு எழுதுற ஆளிட்டை எத்தினை நிண்டது, எந்த நாள், எந்த இடம் எண்டு கேட்டுப்பாருங்கோ. ஆயிரம் விருப்பம் விழுந்த படத்தில ஒரு தகவல் இராது. யாழ்ப்பாணத்தாரும் சிரிக்கத் தேவையில்லை. கல்லுண்டாய் வெளியில பறவை மேயுற இடத்துக்குப் பக்கத்தில குப்பை மலை வளருது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போறம்.

என்ன செய்யலாம்? பெரிய காசு வேண்டாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு எண்டு ஒண்டு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் தொண்டர்களாலதான் நடக்குது. பறவைப் பதிவுக்கெண்டு இலவசச் செயலிகள் இருக்கு. பெரிய கூட்டத்தை எண்ண ஒரு எளிய வழி: முதலில பத்தை எண்ணுங்கோ. அந்தப் பத்து கண்ணில எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு மனசில பதியுங்கோ. அதே அளவுத் துண்டு கூட்டத்தில எத்தினை வருது எண்டு பாருங்கோ. பழகினாப் பிறகு பத்து நூறாகும். முதல் நாள் கட்டாயம் பிழைக்கும். எனக்குப் பிழைச்சது. ஒரே கூட்டத்தை மூண்டு தரம் எண்ணி மூண்டு விடை வந்தது. நாலாம் கிழமை வித்தியாசம் குறைஞ்சது. இனம் தெரியாட்டில் "தெரியாத உள்ளான், 60" எண்டு எழுதுங்கோ. பொய்ப் பேரை விட அது நல்லது.

அதோட பேரும் சேருங்கோ. வாடியில இருக்கிற பெரியாக்களிட்டைக் கேளுங்கோ. "உள்ளான்" எண்டு முடிச்ச என்ர அம்மப்பாவை நான் பிறகு களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனன். கண்ணாலை பாத்தவுடன ஒவ்வொண்டும் எந்த வத்துக்கு எங்க மேயும், எது தனிய நிக்கும், எது கூட்டமா எழும்பும் எண்டு சொல்லத் தொடங்கிட்டார். பேர் மட்டும்தான் அவரிட்டை இல்லை, மிச்சமெல்லாம் இருந்தது. அதை எழுதி வைக்க ஒரு பேரப்பிள்ளையும் இதுவரை கொப்பியோட போகேல்ல, அவ்வளவுதான்.

இந்த மாரிக்கும் அவை வந்திட்டினம். பங்குனி, சித்திரையோட போயிடுவினம். ஜனவரியில ஒவ்வொரு ஞாயிறும் காலமை ஆறரைக்கு நான் பாலத்தடியில நிப்பன். ஒரு கொப்பி, ஒரு பென்சில், தொப்பி, தண்ணிப் போத்தல். தொலைநோக்கி ஒண்டு இருக்கு, மாறி மாறிப் பாக்கலாம். நண்பனுக்கும் சொல்லியிருக்கிறன். "பாப்பம்" எண்டிருக்கிறான்.