வண்டி ஏன் கொதிக்கிறது?

பழைய அம்பாஸடர் ஒன்றைக் கொட்டகையில் வைத்துப் போஷித்து வரும் குடும்பங்கள் இன்னும் நம் நாட்டில் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட இந்தக் காரின் உற்பத்தி 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் நின்றுபோயிற்று. பம்பாயின் பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபரில் தெருவிலிருந்து விடைபெற்றன. ஆயினும், தாத்தா வாங்கிய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராத புண்ணியவான்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட வண்டி சித்திரை வெயிலில், குழந்தை குட்டிகளோடு, மலைப்பாதையின் நடுவே ஆவி கக்கி நின்றால் என்ன நடக்கிறது? யாராவது ஒருவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "எஞ்சின் போச்சு, ஸார்!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வியாதி இன்னதென்று தெரியுமுன்னே கருமாதிக்கு நாள் பார்க்கும் காரியம் இது. பல சமயங்களில் ஒரு சிறு ரப்பர் வளையம் வெடித்ததற்காக எஞ்சின் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இத்தகைய எஞ்சினில் வேலையாக மாறுகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியே போகிறது. மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் ஜலம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டு போகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியாக இறங்கும்போது காற்று அதைக் குளிர்விக்கிறது. 1901-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் மெர்ஸிடிஸ் காருக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்த நாள் முதல் தத்துவம் மாறவில்லை. ஆகவே, கொதிக்கும் வண்டியைப் பார்த்தால் கேட்க வேண்டியவை மூன்று: காற்று போதவில்லையா, ஜலம் ஓடவில்லையா, அல்லது எஞ்சினே வழக்கத்துக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறதா?

இதற்கு விடை கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஸ்பானர் அல்ல, ஞாபகசக்தி. வண்டி எப்போது கொதித்தது? நகரத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது கொதித்து, வெளிச் சாலையில் ஓடும்போது சரியாகிவிடுகிறது என்றால், குற்றம் காற்றின் மேல். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இருக்கிறது. நிற்கும் வண்டிக்கு விசிறிதான் கதி. ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வெகுவாக அமுங்கினால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது; ஆகையால் பாட்டரி விளக்கும் சேர்ந்து மினுக்கினால் சந்தேகமே வேண்டாம். யாரோ பழுது பார்த்தபோது விசிறியை முன்பின்னாக மாட்டிவிட்ட விந்தையும் நடப்பதுண்டு.

மாறாக, நெரிசலில் சாதுவாக இருந்து, அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்திலும் மலையேற்றத்திலும் கொதித்தால், ஜலம் தாராளமாக ஓடவில்லை. இங்கே பெரும்பாலும் குற்றவாளி நம் வீட்டுக் குழாய்தான்! ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரை வருஷக்கணக்கில் ஊற்றினால், வெந்நீர்த் தவலையின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் குழாய்களிலும் படிகிறது. அது உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. எஞ்சினைச் சுடவைத்து நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாகக் கையால் பக்குவமாகத் தடவிப் பார்த்தால், நடு நடுவே ஜில்லென்ற இடங்கள் தட்டுப்படும். அந்த இடத்துக் குழாய்கள் அடைத்துவிட்டன. தொடாமலே சூடு காட்டும் கைக்கருவிகள் இப்போது கிடைப்பதால், கையைச் சுட்டுக்கொள்ளாமலும் இதைச் செய்யலாம்.

இன்னொரு கள்ளன் கீழ் ஹோஸ். பழைய ரப்பர் இளகிப்போய், உள்ளிருக்கும் கம்பிச் சுருளும் துருப்பிடித்துக் கரைந்திருந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்பின் உறிஞ்சலில் அந்தக் குழாய் சப்பையாக ஒட்டிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தால் ஒன்றும் அறியாததுபோல் பழையபடி உப்பி நிற்கும். மெக்கானிக் எத்தனை தடவை பார்த்தாலும் அகப்படாது. ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதே இதைப் பிடிக்கும் வழி.

ரேடியேட்டர் மூடியைப் பலர் பானை மூடி என்று நினைக்கிறார்கள். அது ஓர் அழுத்த வால்வு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், ஜலம் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டாலோ அந்தச் சலுகை போயிற்று. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் ஜலம் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் குறையொன்றும் காட்டாத வண்டி மலை உச்சியை நெருங்கும்போது மட்டும் பொங்குவதற்கு, மூடியைவிடப் பெரிய காரணம் இல்லாமலே போகலாம். அதற்காக, குறித்ததைவிட அதிக அழுத்தமுள்ள மூடியை மாட்டிவிடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள் விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளின் சர்வரோக நிவாரணி. நமக்கு இது சம்மதமில்லை. எஞ்சின் தக்க சூடு அடையாமலே ஓடினால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். அது இறுகிவிட்டதா என்று பார்ப்பது சுலபம்: நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சினால், அதன்மேல் பொறித்த உஷ்ணத்துக்கு (பெரும்பாலும் 82 டிகிரி) அருகில் வாய் திறக்க வேண்டும். இதற்கு ரசம் வைக்கும் பாத்திரத்தை எடுப்பவர் பின்விளைவுகளுக்குத் தாமே பொறுப்பாளி.

காற்றும் ஜலமும் சரியாக இருந்தும் கொதித்தால், எஞ்சினே சூட்டை மிகுதியாக உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து, தீப்பொறி தாமதமாக விழுகிறது. இழுவை குறைகிறது, சூடு ஏறுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினாலும் அப்படித்தான். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு அளவு வைத்த பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலிந்துபோகிறது. இதையும் டியூன் செய்பவரிடம் சொல்லி வையுங்கள்.

மெய்யாகவே பயப்பட வேண்டிய வியாதி ஹெட் காஸ்கெட் போவதுதான். வெளியே சொட்டுக்கூட ஒழுகாமல் ஜலம் குறைகிறதா? ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஓட்டினால் ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி வருகிறதா? ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிகிறதா? அப்படியானால் வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள். ஜலம் கலந்த எண்ணெயில் பத்து மைல் ஓடினால், காஸ்கெட் செலவு பேரிங் செலவாக வளர்ந்துவிடும்.

வழியில் கொதித்துவிட்டால் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஈரத்துணி போட்டு மூடியைத் திருகும் வீரம் வேண்டாம். அழுத்தம் விட்ட அந்தக் க்ஷணத்தில் கொதிக்காமல் அடங்கியிருந்த நீரெல்லாம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குழந்தைகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது; வார்ப்பிரும்பு வெடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

வீடு திரும்பியதும் உப்புநீரை வடித்துக் கழுவிவிட்டு, வடிநீரும் கூலண்டும் கலந்து நிரப்புவது நல்லது. துரு, படிவு இரண்டையும் அது தடுக்கும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் என்னும் அந்தத் திரவம் பார்க்க ஷர்பத் போல் வண்ணமாகவும், நாக்குக்குத் தித்திப்பாகவும் இருக்கும் கொடிய விஷம். மீந்ததைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொட்டகை மூலையில் வைக்காமல், அதன் சொந்த டப்பாவிலேயே இறுக மூடி, பூட்டுள்ள அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்குமுன் கழுவிவிடுங்கள்.