பூட்டிய அரங்கில் ஒரு ஞாயிறு



1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் மக்கள் ஆலயத்தில் அமர்ந்திருந்த காலை வேளை. கறுப்பின மாணவருக்கென அந்நகரில் இருந்த கல்லூரிக்குச் சில வெள்ளையின இளைஞர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். முகம் தெரியாதபடி மேற்சட்டையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு விளையாட்டரங்கத்திற்குள் விரைந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் எவரும் இல்லை. வந்தவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தின் இராணுவ மருத்துவப் பிரிவு அணியினர். இரு இனத்தாரும் ஒரே களத்தில் ஆடுவதை அந்நாளைய இனப்பிரிவினை அனுமதிக்கவில்லை. வெளியே தெரிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

கூடைப்பந்தாட்டம் 88க்கு 44 என முடிந்தது. கறுப்பின மாணவர்களே வென்றார்கள். ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டது அந்த வெற்றியன்று. அதற்குப் பின் நடந்ததே. இரு அணியினரும் ஒருவரோடொருவர் கலந்து, புதிதாய் இரண்டு அணிகளாகப் பிரிந்து, மீண்டும் ஒருமுறை ஆடினார்கள். அச்செய்தி உலகறிய வெளிவர ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அன்று அவ்விளைஞர்களை நடத்தியவர் ஜான் மெக்லெண்டன் என்னும் இருபத்தெட்டு வயதுப் பயிற்சியாளர். அவர் 1933இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் அப்போது அங்கே பேராசிரியர். திருப்பணிக்கு அபிஷேகம் பெற்ற போதகருங்கூட. தந்தையின் சொற்கேட்டு மெக்லெண்டன் அவரையே தம் வழிகாட்டியாக நாடிச் சென்றார். நெய்ஸ்மித் அவரை ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழக அணியோ ஏற்கவில்லை. நிறத்தின் காரணமாக அவ்வணியில் அவர் ஒருநாளும் ஆட இயலவில்லை. அவர் நீந்திய பின் நீச்சல் குளத்து நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள். கிணற்றங்கரையில் விலக்கி நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சபையில் இருக்கிறார்கள்; இதற்கு விளக்கம் அவர்களுக்குத் தேவையில்லை. நெய்ஸ்மித் தம் மாணவர் பக்கமே நின்றார்.

நெய்ஸ்மித் பயிற்சியாளராகப் பெற்ற கணக்கை இங்கே சொல்ல வேண்டும். கான்சாஸ் அணிக்கு அவர் பயிற்சியளித்த காலத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. தாம் உண்டாக்கிய விளையாட்டிலேயே வென்றதைவிடத் தோற்றது அதிகம்! ஆனால் அவர் கைதூக்கி விட்ட மாணவரின் கணக்கைப் பாருங்கள். நாஷ்வில் நகரிலிருந்த டென்னசி மாநிலக் கறுப்பினக் கல்லூரியின் பயிற்சியாளராக, மெக்லெண்டன் 1957, 1958, 1959 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஒரு தேசியப் பட்டத்தை வென்றார். 1966இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, வெள்ளையர் பெரும்பான்மையாயிருந்த ஒரு பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். போட்டிக்கு அழைப்பு வந்தபோது, பிற அணிகள் தங்கும் விடுதியிலேயே தம் பிள்ளைகளும் தங்க வேண்டும், அவர்கள் உண்ணும் இடத்திலேயே தம் பிள்ளைகளும் உண்ண வேண்டும் என்று நிபந்தனை வைத்தவர் அவர். பந்தியில் பாகுபாடு காட்டும் இடத்தில் பரிசு வாங்க அவர் மனம் ஒப்பவில்லை.

இந்தத் தூரதேசத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், அது நம் வாசலுக்கு வந்து நூறாண்டு கடந்துவிட்டது என்பேன். நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய அதே ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு உடன்சென்றவரும் அவரே. இன்று நந்தனத்தில் இருக்கும் அக்கல்லூரி, தென்னாட்டுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பி வருகிறது. விளையாட்டுத் திடலும் ஊழியக்களமே என்று நம்பியவர்கள் இட்ட வித்து அது.

அவ்வித்து நம் பாகூரிலும் வில்லியனூரிலும் எவ்வாறு வளர்ந்திருக்கிறது? நம் கிராமங்களில் பிள்ளைகள் ஆடாமல் இல்லை. ஆனால் அணிகள் பெரும்பாலும் தெருவின் பெயராலேயே அமைகின்றன. ஊர்த் தெரு ஓர் அணி, காலனி ஓர் அணி. ஆட்டத்தில் எழுந்த சிறு வாய்ச்சண்டை இரவுக்குள் சாதிச் சண்டையாக மாறிவிடுமோ என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சித் திடலின் வாசலைப் பூட்டுகிறோம். டர்ஹாமில் ஒன்றாய் ஆடுவதற்காகப் பூட்டினார்கள். நாம் ஒன்றாய் ஆடிவிடக் கூடாதென்று பூட்டுகிறோம்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். நம் ஆலய வளாகத்து வெற்றிடத்தைச் சனிக்கிழமை மாலைதோறும் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, எல்லோருக்கும். அணியைத் தெருவின்படி பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் அதே நேரத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். ஆடி முடித்த பின் எல்லோரும் ஒரே குடத்து நீரை, ஒரே குவளையில் பருக வேண்டும்.

இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவேன். விளையாட்டுக் காட்டுவது சபையின் வேலையா என்று சில மூப்பர்கள் கேட்பார்கள். பிள்ளைகள் நெருங்கிப் பழகினால் நாளை அது திருமணத்தில் போய் முடியுமே என்று சில பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாமல் கலங்குவார்கள். அக்கலக்கத்தை நான் ஏளனம் செய்யேன். ஆனால் அந்தியோகியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததைக் கண்டு பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பேதுரு உபதேசத்தில் தவறவில்லை. பந்தியிலிருந்து எழுந்ததில் தவறினார். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே தெருக்கணக்குப் பார்ப்போமானால் அக்கடிந்துகொள்ளுதல் நமக்கும் உரியதே. எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். இதுநாள்வரை நானும் வாய் திறவாதிருந்தேன்.

ஒரு பந்தாட்டம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஞாயிறுக்குப் பின்னும் டர்ஹாம் இளைஞர்கள் அவரவர் இடத்திற்கே திரும்பினார்கள்; பொது இடங்களில் இனப்பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் வர 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும், மாற்றணியாரை ஒருமுறை தன் அணியாராகக் கண்டவன் பழைய கண்களோடு வீடு திரும்பியிருக்க மாட்டான்.

என்னை உறங்கவிடாத ஒன்று உண்டு. அன்று காலை, ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும் மக்கள் ஆலயத்தில் இருந்தார்கள். ஒப்புரவு நடந்ததோ வேறிடத்தில். ஆலயத்தில் இருந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்றே அவ்விளைஞர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் நன்மை செய்வதற்கு நமக்கு ஒளிந்து செய்யும் நிலையை நாம் உண்டாக்கலாகாது.

பாகூர் ஏரியின் மதகு திறந்தால் நீர் எந்தத் தெருவாரின் வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. திறக்க வேண்டியது மதகு மட்டுமே. வருகிற சபைக்குழுக் கூட்டத்தில் திடலின் சாவியைப் பற்றிப் பேசுவோம். வரும்போது ஜெபத்தோடு வாருங்கள்.

பிதாவே, எங்களைப் பிரிக்கும் சுவர்களை நாங்களே காத்துநின்றதை மன்னியும். பூட்டியவற்றைத் திறக்க எங்களுக்குத் தைரியம் தாரும். ஆமென்.