பேர் மட்டும் ஊவா

ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள இடைவெளியில்தான் அணிகள் ஆட்களைக் கழிப்பதும் சேர்ப்பதும் நடக்கிறது. யார் போனார், யார் வந்தார், யாருக்கு எத்தனை டொலர் என்று நம்ம வட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சுதான். பசறை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில்கூட "யாழ்ப்பாணம் இந்த முறை யாரைத் தக்கவைக்கும்?" என்று சண்டை போட்டிருக்கிறோம். லங்கா பிரீமியர் லீக்கில் தமிழ்ப் பெயர் கேட்கிற அணி அது ஒன்றுதான். லயத்தில் ஒரே போனைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து அதன் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அந்த அணியின் ஆள் மாற்றங்களை மதிப்பிட எங்களுக்கும் உரிமை இருக்கிறது.

முதலில் வழக்கமான கணக்கைப் போட்டுவிடுவோம்.

2020இல் யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அணி, திசர பெரேராவின் தலைமையில் முதல் கிண்ணத்தை எடுத்தது. 2021இல் லைக்கா நிறுவனம் வாங்கியதும் யாழ்ப்பாணம் கிங்ஸ் ஆனது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கிண்ணம் அவர்களுக்கே. நடுவில் ஒரு பெரிய இழப்பு: வனிந்து ஹசரங்க 2022இல் கண்டிக்குப் போய்விட்டார். "அணி அவ்வளவுதான்" என்றார்கள் பலர். ஆனால் அவர் இல்லாமலேயே 2022இல் வென்றார்கள். 2023இல் கண்டி வென்றது. அந்தத் தொடரின் அதிக ஓட்டமும் அதிக விக்கெட்டும் ஹசரங்கவுடையவை. ஒரு நல்ல ஆளை விட்டதன் விலை ஒரு வருஷம் தள்ளித்தான் தெரிந்தது. 2024இல் சரித் அசலங்க தலைவர், அவிஷ்க பெர்னாண்டோ திரும்பி வந்தார், இறுதி ஆட்டத்தில் ரைலி ரூசோ சதம் அடித்தார், நாலாவது கிண்ணமும் வந்தது. ஐந்து தொடரில் நாலு. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் கணக்கு வேறு. அந்த ஐந்து வருஷத்தில் நடந்த எல்லா ஆள் மாற்றங்களிலும் பெரியது ஹசரங்க போனதும் இல்லை, ரூசோ வந்ததும் இல்லை. 2020இல் அந்த அணி யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலரின் பெயரைத் தன் பட்டியலில் எழுதியதுதான். அவர்களில் ஒருவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பர் 4ஆம் திகதி, 18 வயதில், களத்தில் இறங்கினார். முதல் விக்கெட் அஞ்செலோ மெத்யூஸ். 2024 மே மாதம் அதே பையன் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினார். யாருக்குப் பதிலாக எடுத்தார்கள் தெரியுமா? காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம்ம ஊருக்கு வருவோம்.

நமக்கும் ஒரு அணி இருந்தது. இப்போது பாடசாலையில் இருக்கிற தம்பி தங்கைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். 2012இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்று ஒன்று நடந்தது. மாகாணப் பெயர்களில் ஏழு அணிகள். ஏழையும் இந்திய நிறுவனங்கள் வாங்கின. அதில் ஒன்று 'ஊவா நெக்ஸ்ட்'. கிறிஸ் கெய்ல் வருவார் என்றார்கள். காயத்தால் வரவில்லை. ஜேக்கப் ஓரம் வந்தார், உமர் குல் வந்தார். 2012 ஓகஸ்ட் 31ஆம் திகதி, மழை குறுக்கிட்ட இறுதி ஆட்டத்தில் நாகெனஹிர அணியைத் தோற்கடித்து ஊவா சம்பியன் ஆனது. ஒக்டோபரில் தென்னாபிரிக்காவுக்குப் போய் சம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றிலும் ஆடியது.

ஆமாம், ஊவா சம்பியன். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பதுளை டவுனில் ஒரு பட்டாசு வெடித்த ஞாபகம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. எப்படி இருக்கும்? அந்தத் தொடரின் ஆட்டங்கள் எல்லாமே பல்லேகலையிலும் கொழும்பு பிரேமதாச மைதானத்திலும்தான் நடந்தன. ஊவா என்ற பெயரில் ஆடிய அணி ஊவாவில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஹாலி-எலயிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ அப்புத்தளையிலிருந்தோ வந்த ஒரு தோட்டத்துப் பையனின் பெயர் அந்தப் பட்டியலில் எங்கள் கண்ணில் படவில்லை. அடுத்த வருஷம் அணி உரிமையாளர்கள் பணம் கட்டாததால் லீக்கே நின்றது. ஊவா நெக்ஸ்ட் வந்த வழியே போய்விட்டது. 2020இல் புதிய லீக் வந்தபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து பெயர்கள். ஊவா அந்த ஐந்தில் இல்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்போம். காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். வேலை வாங்காமல் யாரும் பேர் போடுவதில்லை. ஆனால் 2012இல் நம்ம மாகாணத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு போனவர்கள் நமக்கு அரைப்பேர்கூடப் போடவில்லை. எங்கள் கோபம் இதுதான்.

"திறமை இருந்தால் தானா வருவான்" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எப்படி வருவான் என்று யாராவது வழி சொல்லியிருக்கிறார்களா? நாமே சொல்வோம். ஏலத்தில் ஒரு பெயர் வர வேண்டும் என்றால் அவன் ஏதாவது ஒரு கழகத்தில் ஆடியிருக்க வேண்டும். பெரிய கழகங்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. கழகம் எடுக்க வேண்டும் என்றால் பாடசாலையில் கடினப்பந்து ஆடி, 15, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஓட்டமோ விக்கெட்டோ எடுத்திருக்க வேண்டும். நம்ம தோட்டப் பாடசாலைகளில் எத்தனை பேருக்குக் கடினப்பந்து கையில் பிடித்த அனுபவம் இருக்கிறது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்தில் நடக்கிற சுற்றுப்போட்டி எல்லாமே மென்பந்துதான். சரிவான மைதானம், ஒரு பக்கம் அடித்தால் பந்து தேயிலைக்குள்ளே, மறுபக்கம் அடித்தால் பள்ளத்திலே. அதிலும் யோக்கர் போடுகிற பயலுக இருக்காங்க. எங்க டிவிசனிலேயே ஒரு இடக்கைப் பந்துவீச்சாளன் இருந்தான். அவன் ஓடி வந்தாலே எதிரணி பயப்படும். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்குப் புடவைக் கடை வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வருவான், ஒரு மெட்ச் ஆடுவான், திரும்பிப் போவான். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதையில் சுமார் 290 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை அவன் கடந்தான், துணி மடிக்க. பந்து வீச அவனை யாரும் கூப்பிடவில்லை.

"முரளி வரவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. வந்தார். 800 டெஸ்ட் விக்கெட். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது நமக்கும் பெருமைதான். ஆனால் முரளி வளர்ந்தது லயத்தில் அல்ல. அப்பாவுக்குக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், கடினப்பந்து ஆடுகிற பாடசாலையில். அவருடைய உழைப்பை நாங்கள் குறைக்கவில்லை. தோட்டத்துப் பையனுக்கு வழி திறந்திருக்கிறது என்பதற்கு அவரைச் சாட்சியாக இழுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம். வழி இருந்த இடத்திலிருந்து அவர் போனார்.

இந்த வழி அடைபட்டது நேற்றும் இல்லை. மலைநாட்டுக்கு கிரிக்கெட் வந்ததே வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புகளோடுதான். ரதல்லையிலும் தரவளையிலும் அழகான மைதானங்கள் தேயிலைக்கு நடுவில்தான் இருக்கின்றன. ஆடியது துரைமார். மலையில் கொழுந்து எடுத்தது நம்ம ஆட்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்டை ஆடியபோதும் 'நாடற்றவர்' என்று பதியப்பட்ட மக்கள் இதே மலைகளில் இருந்தார்கள். கடைசி மிச்சத்துக்குச் சட்டம் வந்தது 2003இல். நாடே இல்லாதவனை நாட்டு அணிக்கு யார் தேர்வார்கள்? இப்போது கையில் அடையாள அட்டை இருக்கிறது. மைதானம்தான் இன்னும் இல்லை.

பணக் கணக்கையும் பார்ப்போம். 2023இல்தான் லங்கா பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஏலம் நடந்தது. அதிக விலை போனவர் டில்ஷான் மதுஷங்க, 92,000 டொலர், எடுத்தது யாழ்ப்பாணம் கிங்ஸ். அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அன்று தோட்டத்தில் நாள் கூலி 1,000 ரூபாய். ஒரு தொழிலாளி வருஷத்துக்கு 300 பேர் போட்டாலும் அந்தத் தொகையை எட்ட 80 வருஷத்துக்கு மேல் ஆகும். மதுஷங்க மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவரும் ஹுங்கம என்ற தெற்குக் கிராமத்திலிருந்து வந்தவர். யாரோ போய்ப் பார்த்ததால்தான் அவர் கிடைத்தார். நமக்கும் அதுதான் வேண்டும்: யாராவது வந்து பார்க்க வேண்டும்.

"ஒதுக்கீடு வந்தால் தரம் கெடும்" என்று ஒரு கூட்டம் சொல்லும். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பதினொரு பேரில் வெளிநாட்டு வீரர்கள் நாலு பேருக்கு மேல் ஆடக்கூடாது என்று விதி இருக்கிறதே, அது என்ன? அதுவும் ஒதுக்கீடுதான். உள்ளூர் ஆட்களுக்கு ஏழு இடம் கட்டாயம் என்கிற ஒதுக்கீடு. அதை யாரும் தரக்குறைவு என்று சொல்வதில்லை. உள்ளூர் என்றால் எந்த ஊர் என்று நாங்கள் கேட்டால் மட்டும் தரம் ஞாபகத்துக்கு வருகிறது. உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்த அதே 2020இல் யாழ்ப்பாணம் கிண்ணமும் எடுத்ததே. என்ன கெட்டது?

அதேசமயம் யாழ்ப்பாணத்தையும் சும்மா விட மாட்டோம். ஐந்து தொடரிலும் அந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வைத்ததே 2025 செப்டெம்பரில்தான். ஒரு வியாஸ்காந்தைக் காட்டி அடுத்த பத்து வருஷத்தை ஓட்டவும் கூடாது. தமிழ் அணி என்று சொல்லி நம்ம கைதட்டலை வாங்குகிறவர்கள், தமிழர்கள் வடக்கில் மட்டும் இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பசறைப் பையனும் அந்த ஜேர்சியைத்தான் போட்டான்.

2025இல் ஸ்ரீலங்கா கிரிக்கெட், யாழ்ப்பாண, கொழும்பு அணி உரிமையாளர்களின் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. அந்த வருஷம் தொடரும் நடக்கவில்லை. ஒப்பந்தங்களைப் புதிதாக எழுதுகிற காலம்தான் விதியை மாற்றவும் சரியான காலம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் பதுளையில் ஒரு திறந்த தேர்வு நடத்துங்கள். அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் வரட்டும். அணி இல்லாத மாவட்டங்களிலிருந்து 23 வயதுக்குக் குறைந்த மூன்று பேரை ஒவ்வொரு அணியும் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். சேர்த்தால் மட்டும் போதாது, தொடரில் ஒரு ஆட்டமாவது அவர்கள் ஆட வேண்டும். தண்ணி போத்தல் தூக்குவதற்கு ஆள் எடுக்கிறதாக இருந்தால் நாங்கள் வரவில்லை. தோட்டப் பாடசாலைகளில் சிலவற்றிலாவது பாய் விரித்த ஆடுகளம், கடினப்பந்து, காப்பு, ஒரு பயிற்சியாளர் என்று தொடங்குங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தொடங்குங்கள். 2024இல் தம்புள்ளையில் ஆசியக் கிண்ணத்தை வென்றது பெண்கள் அணிதான்.

தேர்தல் வந்தால் மென்பந்து மட்டையும் ஜேர்சியும் கொண்டுவந்து படம் எடுத்துக்கொள்கிற நம்ம தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. மட்டை ஒரு தீபாவளியோடு உடைந்துபோகும். ஒரு மைதானத்தைச் சமப்படுத்திக் கொடுங்கள். அது நாலு தலைமுறைக்கு நிற்கும்.

கடைசியாக நமக்கு. அடுத்த ஏலம் வரும்போது நாம் மறுபடியும் போனைச் சுற்றி உட்காரத்தான் போகிறோம். யார் போனார், யார் வந்தார் என்று சண்டை போடுவோம், அதில் தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் கேட்போம்: இந்தப் பட்டியலில் நம்ம ஊர் எங்கே? கொழும்புக்குப் போன அந்த இடக்கைப் பையனுக்கு இப்போது 26 வயது. அவனுடைய காலம் ஏறத்தாழப் போய்விட்டது. அவனுடைய தம்பிக்கு 13. நேற்றும் பிரட்டுக்களத்தில் சுவரில் கரியால் கோடு போட்டுப் பந்து வீசிக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் பேர் போடப் போகிறார்கள்?