யமுனையின் கணக்கை யாரிடமிருந்து மறைக்கிறோம்?

புது தில்லி: 2023 ஜூலை 13 அன்று தில்லி பழைய ரயில்வே பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978-இல் பதிவான 207.49 மீட்டர் என்ற உச்சம் 45 ஆண்டுகளுக்குப் பின் முறியடிக்கப்பட்டது. அப்போது ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வெளியேறிய நீர் அதிகபட்சம் விநாடிக்குச் சுமார் 3.6 லட்சம் கன அடி. 2019 ஆகஸ்டிலோ 8 லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியும் தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டரைத் தாண்டவில்லை. பாதிக்கும் குறைவான நீர் வந்த ஆண்டில் வெள்ளம் இரண்டு மீட்டர் அதிகமாக உயர்ந்தது ஏன்?

படிந்த வண்டல், திறக்க முடியாமல்போன மதகுகள், ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. தில்லி, ஹரியாணா அரசுகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர்கள் நீரியல் தரவு ஆய்வாளர்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியின் மழை, மண், நிலச் சாய்வு, நீரோட்டம் ஆகியவற்றின் பல்லாண்டுப் பதிவுகளைக் கணினியில் இணைத்துப் பார்ப்பது அவர்கள் பணி. இத்துறையில் இப்போதுதான் நுழைந்திருக்கும் இளைஞருக்கு முதல் தேவை நீரோட்டப் புள்ளிவிவரம். அந்தக் கதவுதான் மூடிக் கிடக்கிறது.

யமுனை, கங்கைப் படுகையைச் சேர்ந்தது. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் நீரோட்ட அளவுகளை மத்திய அரசு ரகசியத் தகவலாக வகைப்படுத்தியுள்ளது. வெள்ளக் கால நீர்மட்டம் வெளியிடப்படுகிறது. ஆனால், பல்லாண்டு நீரோட்டப் பதிவுகளைப் பெற ரகசியக் காப்பு உறுதிமொழி அளித்தாக வேண்டும். பெற்ற பதிவைப் பிறருக்குத் தர முடியாது. எனவே, அந்த ஆய்வைப் பிறர் சரிபார்க்கவும் இயலாது. 2025-இல் இந்திய ஆறுகள் குறித்து வெளியான 'கேமல்ஸ்-இண்ட்' தரவுத் தொகுப்பில் 228 நீர்ப்பிடிப்புப் பகுதிகள் உள்ளன. அனைத்தும் தீபகற்ப இந்தியாவைச் சேர்ந்தவை. கங்கைக்கு அதில் இடமில்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், மறைக்கப்படுவது நம்மவரிடமிருந்து மட்டுமே. ராஜஸ்தான், பஞ்சாப், தில்லி உள்ளிட்ட ஹரியாணா பகுதியில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டதாக 2009-இல் அறிவித்தவர்கள், 'கிரேஸ்' செயற்கைக்கோள்களைப் பயன்படுத்திய அமெரிக்க விஞ்ஞானிகள். மேட்டூர் அணையை நாற்பது முறைக்கு மேல் நிரப்பக்கூடிய நீர் அது!

அண்டை நாடுகளுடனான நதிநீர்ப் பேச்சுகளில் நம் நிலை பலவீனமாகும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதைப் புறந்தள்ள முடியாதுதான். ஆனால், கங்கை நீர்ப் பகிர்வுக்காக 1996-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பராக்காவில் நீரோட்டத்தை வங்கதேசத்துடன் கூட்டாகவே கண்காணிக்க ஒப்புக்கொண்டோம். அண்டை நாட்டுப் பொறியாளர் பார்க்கக்கூடிய கணக்கை நம் மாணவர் பார்க்கக் கூடாதா?

வட இந்திய ஆறுகளைப் பற்றித் தமிழகம் ஏன் கவலைப்பட வேண்டும் எனலாம். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதில் 10 டிஎம்சி, டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இருக்கும் நீர் பற்றிய ஒரு மதிப்பீடு உழவரின் பங்கையே மாற்றிவிடுகிறது. அத்தகைய மதிப்பீடுகளை எவரும் ஆராயவும் மறுக்கவும் வழி இருப்பதே நியாயம். ரகசியம் என்பது ஒரு படுகைக்கு மரபாகிவிட்டால், நாளை மற்றொன்றுக்கும் வரலாம்.

பத்து ஆண்டுகளுக்கு முந்தைய நீரோட்டப் பதிவுகளையாவது மத்திய அரசு உடனடியாக வெளியிட வேண்டும். வெள்ளம் வந்த பின் நிவாரணம் அறிவிப்பதைவிட, அது ஏன் வந்தது என்று கண்டறிய இளம் ஆய்வாளர்களை அனுமதிப்பது செலவு குறைந்த வழி. இதற்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்கும் முதல் கடமை, நதிநீர்க் கணக்கின் அருமையைப் பட்டறிந்த தமிழக உறுப்பினர்களுக்கே உண்டு.