தரம் பிரித்த குப்பையும் ஒரே லொறியும்

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொலன்னாவை மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டை எழுப்பிய குப்பையின் பெரும்பகுதி, அதன் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களுடையதல்ல. கொழும்பு மாநகரின் வீடுகளும் ஹோட்டல்களும் சந்தைகளும் பல்லாண்டு காலமாக வெளியேற்றியவையே, நகர எல்லைக்கு அப்பாலிருந்த ஏழைக் குடும்பங்களின் கூரைகள் மீது சரிந்து வீழ்ந்தன.

மீதொட்டமுல்லைக்கு முன்னர் புளூமெண்டால் இருந்தது. 2009 இல் அங்கிருந்து திரும்பிய குப்பையே மீதொட்டமுல்லையை மலையாக்கியது. அதுவும் மூடப்பட்ட பின்னர் அதிகாரிகளின் பார்வை புத்தளம், அருவக்காட்டின் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் அகழ்விடத்தின் மீது திரும்பியது. சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தலைநகரின் கழிவைத் தாம் ஏன் சுமக்க வேண்டும் என்று புத்தளம் மக்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வீதியில் இறங்கிக் கேட்டனர். நியாயமான அக்கேள்விக்குத் தலைநகரவாசிகளிடமிருந்து உரிய பதில் கிடைக்கவில்லை.

பதில் சமையலறையிலிருந்தே தொடங்க வேண்டும். குப்பையைத் தரம் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 2016 நவம்பர் 1 ஆம் திகதி, அதாவது மீதொட்டமுல்லை அனர்த்தத்திற்கு ஐந்தரை மாதங்களுக்கு முன்னரே, நடைமுறைக்கு வந்தது. உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்திக்கிற்குச் செம்மஞ்சள் என நிறங்களும் வகுக்கப்பட்டன. ஆயினும் வீட்டில் சிரத்தையுடன் பிரித்து வைத்தவை ஒரே லொறியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒரு தடவை கண்ட குடும்பத் தலைவி, மறுவாரம் அந்தச் சிரமத்தை எதற்காக மேற்கொள்ளப் போகின்றார்? மக்களின் அசிரத்தையைக் குறைகூறும் உள்ளூராட்சி மன்றங்கள் தமது லொறிகளையும் ஒரு கணம் நோக்குவது நல்லது.

நமது நாட்டின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியதே. தேங்காய்ப் பூ, தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், எஞ்சிய சோறு ஆகிய இவையே ஏனையவற்றையும் கெடுக்கின்றன. கறிக்குழம்பு படிந்த பத்திரிகையைப் பழைய கடதாசி வாங்குபவர் தொடவும் மாட்டார். காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியில் இதே ஈரக்கழிவுதான் மீதேன் வாயுவாகவும், நிலத்தடி நீரில் கலக்கும் கறுத்த கழிவுநீராகவும் மாறுகின்றது. எரித்துவிடலாம் என்றாலும் ஈரம் தடையாக நிற்கின்றது. 2021 இல் கெரவலப்பிட்டியில் திறந்து வைக்கப்பட்ட 10 மெகாவாட் மின் நிலையம் போன்றவற்றில், குப்பையின் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகின்றது. ஆகவே ஐந்து நிறங்களையும் மனனம் செய்ய இயலாதவர்கள், ஈரமானதை மட்டுமாவது தனி வாளியில் இட்டால் பாதி வேலை முடிந்தது. யோகட் கோப்பையையும் பால்மாப் பக்கற்றையும் அலசி உலர்த்தி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். உடைந்த கண்ணாடியைப் பத்திரிகையில் சுற்றி, வேறாக, சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனைக் கையால் அள்ளுபவரும் ஒரு மனிதரே.

பொலித்தீன் விடயத்தில் நமது சட்டங்களுக்குக் குறைவில்லை. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2007 இல் தடை செய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் பெட்டி ஆகியவற்றுடன் அத்தடை மீண்டும் வந்தது. 2021 இல் சிறு சஷே பக்கற்றுகளும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு முதலியனவும் பட்டியலில் சேர்ந்தன. வர்த்தமானி வெளிவரும், கடைகளில் சில நாள் சோதனை நடைபெறும், பின்னர் எல்லாம் பழையபடியே ஆகும். 2025 நவம்பரில் ஷொப்பிங் பைகளை இலவசமாக வழங்குவது தடுக்கப்பட்டு, அவற்றின் விலையைப் பற்றுச்சீட்டில் குறிப்பிட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. தடையைவிட இது பயனளிக்கக்கூடும் என்பதே நமது எண்ணம். ஆனால் அந்தப் பைதான் அநேக வீடுகளில் குப்பைப் பையாகவும் பயன்பட்டு வந்தது என்பதை இதனை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே. மூடியுள்ள வாளிகளைச் சபைகள் சகாய விலையிலேனும் வழங்காவிடின், ஈரக்கழிவு காசு கொடுத்து வாங்கிய பொலித்தீனுக்குள்ளேயே தொடர்ந்தும் போகும்.

கூட்டெருத் தொட்டி வையுங்கள் என்ற அறிவுரை முற்றம் உள்ளவர்களுக்கே பொருந்தும். மீதொட்டமுல்லையில் வீடிழந்த குடும்பங்கள் பல இன்று தொடர்மாடிகளில் வாழ்கின்றன. அங்கு ஒரு பிடி மண்கூட இல்லை. ஈரக்கழிவை மூன்று நாள் வீட்டினுள் வைத்திருக்க எவராலும் முடியாது. மாநகர சபை தொடர்மாடிகளிலிருந்து உக்கும் கழிவைத் தினமும், ஏனையவற்றை அறிவிக்கப்பட்ட கிழமைகளில் வேறு வாகனத்திலும் எடுக்க வேண்டும். எந்த நாளில் எது எடுக்கப்படும் என்ற அறிவித்தல் மும்மொழிகளிலும் ஒவ்வொரு தொடர்மாடியின் வாசலிலும் தொங்க வேண்டும்.