முடிச்சூர் வெள்ளத்தில் இறங்கிய வண்டி... ஆக்சில் குடித்த தண்ணீர்!

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எனத் தெருத்தெருவாகத் தண்ணீர். மொட்டை மாடியில் நின்றவர்களை மீட்க ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. படகு போக முடிந்த இடத்துக்குப் படகு போனது. மற்ற இடங்களில் உயரமான லாரி, டிராக்டர், ஜீப் எது கிடைத்ததோ அதில் ஏறி வந்தார்கள் மக்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னைப் புறநகரில் ஏறக்குறைய இதே காட்சிதான்.

அந்தப் படங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால், வெள்ளம் வடிந்த பிறகு அந்த வண்டிகள் என்ன ஆயின?

கழுவினார்கள். இன்ஜின் ஆயில் மாற்றினார்கள். சீட்டைக் காயப்போட்டார்கள். ஸ்டார்ட் ஆனதும், 'அப்பாடா, தப்பிச்சது' என்று ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் திறந்துகூடப் பார்க்காத இடம், முன் ஆக்சில். வெள்ளத்தில் இறங்கும் வண்டி அதிகமாகக் குடிப்பது அங்கேதான். சேதம் உடனே வெளியே தெரியாது. மாதங்கள் கழித்து, ஜி.எஸ்.டி. சாலையில் அறுபதில் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கும். அல்லது திருப்பும்போது 'கடக்... கடக்' சத்தம் வரும். அதற்குள் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரே இரும்பு... மூன்று வேலை!

சாதாரண லாரியின் முன் ஆக்சிலுக்கு இரண்டு வேலைதான். பாரம் தாங்க வேண்டும், சக்கரத்தைத் திரும்ப விட வேண்டும். குறுக்கே ஒரு கனமான இரும்பு உத்தரம். அதன் இரு முனையிலும் 'கிங் பின்' என்று ஒரு தடித்த முளை. அந்த முளையைச் சுற்றித்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. கதவுக்குக் கீல் மாதிரி.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் மூன்றாவதாக ஒரு வேலை சேர்கிறது: இன்ஜினின் சக்தியைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோவது. ராணுவத்துக்காக அசோக் லேலண்ட் வடிவமைத்து, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் தயாரான 'ஸ்டாலியன்' லாரியாகட்டும், 1940-களின் கடைசியிலிருந்து மஹிந்திரா நம் ஊருக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பாகட்டும், அடிப்படை ஒன்றுதான். ஆக்சில் உள்ளே குழாய்போல இருக்கும். நடுவே உருண்டையாகப் புடைத்த இடத்தில் கிரௌன் வீலும் பினியனும். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் போகிறது.

இங்கேதான் சிக்கல். சக்கரம் திரும்புகிறது, ஷாஃப்ட் திரும்ப முடியாது. அதனால் கிங் பின் இருக்கும் இடத்தில் ஷாஃப்ட்டை மடக்கும் ஒரு மூட்டு வேண்டும். சாதாரண சிலுவை மூட்டு போட்டால், அது மடங்கி நிற்கும்போது ஒரே சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 சதவிகிதம் வேகமாகவும், இரண்டு முறை சுமார் 13 சதவிகிதம் மெதுவாகவும் சுற்றும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஃபோர் வீலில் ஏறும்போது கையில் உதைப்பது இதுதான்.

இதற்குத் தீர்வு தேடி 1920-களில் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் ஜீப்புகளிலேயே ர்செப்பா, பெண்டிக்ஸ், டிராக்டா, ஸ்பைசர் என்று நாலு விதமான மூட்டுகள் போட்டிருக்கிறார்கள். அதில் ஸ்பைசர் சாதாரண சிலுவை மூட்டுதான். எளிமை, மலிவு, எங்கேயும் மாற்றிவிடலாம். உதைத்தாலும் பரவாயில்லை என்று அது நிலைத்துவிட்டது!

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ஓட்டை இருந்தால்தானே தண்ணீர் போகும் என்று தோன்றும். ஆக்சிலில் ஓட்டை தேவையில்லை. ஓடி வந்த வண்டியின் ஆக்சில் சூடாக இருக்கும். 70 டிகிரியில் இருக்கும் ஆக்சில், 30 டிகிரி வெள்ளத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று சுருங்கும். அழுத்தம் ஏறக்குறைய 12 சதவிகிதம் குறையும். உள்ளே வெற்றிடம், வெளியே தண்ணீர். சும்மா இருக்குமா? ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல ஆயில் சீலின் விளிம்பு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கச் செய்தது. வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு எதிராக அது அத்தனை வலுவில்லை.

இதைத் தடுக்கத்தான் ஆக்சில் மேல் 'பிரீதர்' என்று சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். சேற்றில் ஓடும் வண்டியில் முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். அடைக்காமல் இருந்தாலும், தண்ணீர் அதன் உயரத்தைத் தாண்டிவிட்டால் அதுவே வாசலாகிவிடும். அதனால்தான் தண்ணீரில் இறங்கும் வண்டிகளில் பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இழுத்து, பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். ஆக்சிலுக்குச் செய்யும் வேலைகளிலேயே ரொம்ப மலிவானது இது. பல வண்டிகளில் இருப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பிரித்தால்தான் தெரியும்

பட்டறையில் முதல் வேலை ஸ்பேனர் எடுப்பதல்ல. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துவது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கனரக வண்டியின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார்கள். ஆட்டம் இருந்தால், ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதிக்க, இன்னொருவர் மறுபடி ஆட்டுகிறார். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங் போயிருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின். அனுபவஸ்தர்கள் காசு செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் தீர்ப்பு இது.

அடுத்து ஆயிலை இறக்குவது. நல்ல 90 ஆயில் தேன் நிறத்திலோ, பழசானால் கறுப்பாகவோ வரும். தண்ணீர் குடித்த ஆக்சிலிலிருந்து வருவது, பால் விட்ட டீ! அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் 'ஆயிலை மட்டும் மாத்திடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹப்பைக் கழற்ற வேண்டும், ஷாஃப்ட்டை உருவ வேண்டும், கிங் பின்னைத் திறக்க வேண்டும்.

பேரிங்கைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், உருளைகள் நின்ற இடத்திலெல்லாம் வரிவரியாகத் துருவின் தடம் தெரியும். வெள்ளம் வடிந்து வண்டி சும்மா நின்ற நாட்களின் கையெழுத்து அது. விரல் நகத்தால் தடவினால் தட்டும். அப்படித் தட்டும் பேரிங்கைப் பாலீஷ் போட்டு மாட்டுவது, மறுபடி பிரிக்கத் தேதி குறிப்பதற்குச் சமம். உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளை ஓடாது.

இந்த வேலையில் பெரிய சாமான்களைவிடச் சின்ன சாமான்கள்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன. ஆயில் சீல், ஸ்ப்ளிட் பின், தாள் கனத்துக்கு இருக்கும் ஷிம். பழைய ஜீப் மாடலான சி.ஜே. 3பி-யில் கிங் பின்னுக்கு மேலும் கீழும் பேரிங் உண்டு. அது எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதை ஷிம்தான் முடிவு செய்கிறது. ஒரு ஷிம் கூடினால் தளர்ச்சி, ஒன்று குறைந்தால் இறுக்கம். இதை அளக்க, டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங் கையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். மீன்காரரிடம் இருக்குமே, அதே கொக்கித் தராசு. எத்தனை கிலோவில் அசைய வேண்டும் என்று அந்தந்த வண்டியின் மேனுவல் சொல்லும். 'கையால ஆட்டிப் பாத்தாலே தெரியும்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கை தெரிந்தவர்களுக்குத் தெரியலாம். ஆனால், ஐந்து டன் லாரி முனையில் திரும்பும்போது அந்த நம்பிக்கைமேல்தான் பாரம் உட்காரும்.

கிரௌன், பினியன் விஷயம் இன்னும் நுணுக்கம். இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று தேய்த்து ஜோடியாகத்தான் தயார் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, ஜீப்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். டயல் கேஜ் வைத்து அளக்கிறார்கள். பல்லில் நீல மை தடவிச் சுற்றிவிட்டால், எங்கே உரசுகிறது என்று மை சொல்லும். பல்லின் நடுவில் தடம் விழுந்தால் சரி. நுனியிலோ அடியிலோ விழுந்தால், மறுபடி பிரித்து ஷிம் மாற்றம். ஒரே நாளில் மூன்று முறை பிரிக்க நேர்ந்தாலும், சலிக்காமல் செய்பவரைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள்.

புதுப்பேட்டையில் பல் எண்ணுங்கள்!

பழைய வண்டிக்குப் புது சாமான் கிடைக்காதபோது சென்னைக்காரர்கள் போவது புதுப்பேட்டை. முழு ஆக்சிலே கிடைத்தால் லாபம்தான். ஆனால், ஒரு கணக்கு தப்பினால் மொத்தமும் வீண். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் சுற்ற வேண்டும்.

உதாரணமாக, போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் விகிதம் 4.88. கிரௌனில் 39 பல், பினியனில் 8. அமெரிக்காவில் பின்னாளில் வந்த சி.ஜே. 3பி-யில் 5.38. அதாவது 43-க்கு 8. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று மாட்டி ஃபோர் வீல் போட்டால் என்ன ஆகும்? புரொப்பெல்லர் ஷாஃப்ட் 100 சுற்று சுற்றும்போது, ஒரு ஜோடிச் சக்கரம் ஏறக்குறைய 20 சுற்றரை சுற்றும், மற்றது பதினெட்டரைதான் சுற்றும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் வழுக்காது. டயர் தேயும், கியர் லீவர் இறுகிக்கொள்ளும். கடைசியில் சிலுவை மூட்டு உடையும். சாமான் வாங்கும் முன், மூடியைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எல்லாம் மாட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. ஹப் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு மேனுவல் சொன்ன அளவு தளர்த்தி, பூட்டு வளையத்தை மடக்க வேண்டும். பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடவே கூடாது. பிறகு, வண்டலூர் வரை ஒரு ஓட்டம். திரும்பி வந்ததும் பிரேக் சூடு அடங்கும்வரை கொஞ்சம் விட்டு, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் சுட்டால், அந்தப் பக்கம் நட் இறுக்கம் என்று அர்த்தம். அன்றே தளர்த்திவிட வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒருமுறை எட்டிப் பார்ப்பது, நட்டுகளை மறுபடி இறுக்குவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே பிரீதரை ஊதிப் பார்ப்பது... மீட்பு வேலைக்கென்று வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வருடா வருடம் வரும் வேலை. தண்ணீரில் இறங்கிவிட்டால், அந்த வாரமே ஆயிலை இறக்கி நிறம் பார்த்துவிட வேண்டும். தேன் நிறமா, பால் டீயா என்று.